மேலே இருக்க வேண்டிய கம்பி

ஒரு சாக்பீஸை நிமிர்த்தி வைத்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே எவ்வளவு அழுத்தினாலும் அது சுலபத்தில் மசியாது. அதையே இரண்டு விரலால் லேசாக வளைத்தால் பட்டென்று இரண்டாகிவிடும். உடையப் போகிறேன் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாது. கான்கிரீட்டும் அந்த ரகம்தான். அமுக்கினால் எவ்வளவு பாரத்தையும் ஏற்றுக்கொள்ளும். இழுத்தால் அந்தப் பலத்தில் பத்தில் ஒரு பங்கு தேறுவதே பெரிய விஷயம்.

இழுபடும்போது அது உள்ளுக்குள் எப்படித் தளர்கிறது, முதல் கீறல் எங்கே விழுகிறது, கீறல் எப்போது விரிசலாகிறது என்றெல்லாம் கணினியில் கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். மலாக்காவில், ஆயர் குரோவில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை, புக்கிட் பெருவாங்கில் வீடு. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முதுகலை படித்தபோது எடுத்துக்கொண்ட ஆய்வும் இதுதான். மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் கட்டைகளை இயந்திரத்தில் மாட்டி இழுத்து உடைத்துக்கொண்டிருந்தேன். இழுக்க இழுக்கத் திரையில் ஒரு கோடு ஏறும், உச்சியைத் தொடும், பிறகு சரியத் தொடங்கும். அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்பதைக் கட்டையை இழுப்பதற்கு முன்பே என் கணக்கு சொல்லிவிடும். அதில் எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. பேராசிரியர் ஒருமுறை என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், அதை ஒரு வாரம் நினைத்துக்கொண்டே திரிந்தேன்.

நான் பிறந்தது நியாலாஸைத் தாண்டி உள்ளே போகிற ஒரு தோட்டத்தில். அப்போது ரப்பர்ப் பால்மரம், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயத்து வீடுகளில் இப்போது பங்களாதேஷ்காரர்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஜாசினுக்கும் மலாக்காவுக்கும் போய்விட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் ஜாசினிலிருந்து நான்கைந்து காரும் ஒரு வேனும் செம்பனைக்குள் புகுந்து கோயிலுக்குப் போகும். அந்த வேன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருடையது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுப் பெண். என் அம்மாவுக்குச் சொந்தத் தங்கை மாதிரி. வெள்ளிக்கிழமை காலை முழுக்க அக்கா கோயில் வாசலில் உட்கார்ந்து அம்மனுக்குப் பூக் கட்டுவாள்.

அவள் உட்காருகிற இடத்துக்கு மேலேதான் அந்தக் கூரை இருந்தது. எல்லோரும் போர்ச் என்று சொல்வார்கள். முன்பக்கம் தூண் கிடையாது, தேர் வாசல் வரை வந்து நிற்க வேண்டும் என்பதற்காகச் சுவரிலிருந்து நீட்டிவிட்ட கான்கிரீட் தளம். தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும் இழுப்பு மேல்பக்கத்தில்தான் இருக்கும். கையை நீட்டி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று தோள் சொல்லும். அதனால்தான் அப்படிப்பட்ட தளத்தில் கம்பியை மேலே போட வேண்டும். கான்கிரீட் விட்டுக்கொடுக்கிற இடத்தில் கம்பி பிடித்துக்கொள்ளும். கம்பி கீழே கிடந்தால் அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

அந்தக் கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாள் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. எனக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை. தோட்டமே கொத்தோங் ரொயோங் என்று, கூலி வாங்காமல் கைகொடுக்கத் திரண்டு வந்திருந்தது. கோயில் கூரைக்கு ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு சட்டி கான்கிரீட்டாவது கொட்ட வேண்டும், அதுதான் புண்ணியம் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். ஆண், பெண், கைப்பிள்ளைக்காரி யாருக்கும் விலக்கு இல்லை. ஏணியில் ஏறி, சட்டியை வாங்கி, நடந்து போய், அம்மா தாயே என்று கொட்டிவிட்டு இறங்குவோம். கீழே அடுப்பில் பச்சைப்பயறுக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது திருவிழா மாதிரிதான் பதிந்திருந்தது, வேறு மாதிரி நினைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

போன வருடத்துக்கு முந்திய வருடம் கும்பாபிஷேகம் நடந்தது. கூரை ஒழுகுகிறது என்று அதன் மேல் கனமாகச் சிமெண்ட் பூசி, டைல் ஒட்டினார்கள். சும்மா டைல் இல்லை, உபய டைல். ஒவ்வொன்றிலும் கொடுத்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர் பொறித்திருக்கும். யாரும் ஏறிப் பார்க்காத கூரையின் மேல் எதற்குப் பெயர் என்று நான் கேட்டதற்கு, அம்மனுக்குத் தெரியும் என்றார்கள். அது போதாதென்று கூரையின் முன்விளிம்பில் இரண்டு சுதைச் சிங்கங்களும் நடுவில் வளைவுக்குள் ஓர் அம்மனும் ஏறி உட்கார்ந்தார்கள். நீட்டிய கையின் நுனியில் போய்ப் பாரத்தைத் தொங்கவிடுவது என்றால் எங்கள் கமிட்டிக்கு அவ்வளவு ஆசை. நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊர்கூடி மேளம் அடிக்கும்போது ஒருத்தி மட்டும் மூக்கை நுழைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, மழை பெய்த மறுநாள் அக்காவின் பூக்கூடையில் தண்ணீர் சொட்டியது. சுவரோரமாக, ஒரே வரிசையில் சொட்டியது. அண்ணன் ஏணி வைத்து ஏறிப் பார்த்திருக்கிறார். டைலுக்கும் டைலுக்கும் நடுவே சுவரை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு நீளமாகப் போகிறது என்று கோயில் கமிட்டித் தலைவரிடம் சொன்னார். தலைவர் என் அப்பாவோடு வேலை செய்தவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். நாற்பத்தைந்து வயதிலும் எனக்கு அவர் வைத்த பெயர் பாப்பாதான். அவர் எனக்குப் போன் போட்டார். நம்ம வீட்டுப் பிள்ளையே இதைப் படித்திருக்கும்போது வெளியே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்று சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை போனேன். ஏறிப் பார்த்தேன். தலைமுடி அளவு விரிசல். சரியாகச் சுவர் முடிந்து கூரை தொடங்குகிற இடத்தில், இழுப்பு எங்கே அதிகமோ அங்கேயே. நான்கு டைலைப் பெயர்த்தால் கீழே கான்கிரீட் எப்படி இருக்கிறது என்று தெரியும், கம்பி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கொத்திப் பார்த்துவிடலாம் என்றேன். தலைவர் ஏணியில் பாதி ஏறி நின்றிருந்தார். எந்த நான்கு டைல் என்று கேட்டார். காட்டினேன்.

"அதுல யாரு பேரு இருக்கு, பாத்தியா பாப்பா?" என்றார்.

மூன்றாவது டைலில் என் அப்பாவின் பெயர் இருந்தது. அம்மா கொடுத்த உபயம். அப்பா போய் ஐந்து வருடம். அந்தப் பெயரின் மேல் உளி வைக்க எனக்கே கை வரவில்லை. மற்றவர்கள் பெயரை உடைத்துவிட்டு எங்கள் பெயரை மட்டும் விட்டால் கோயிலில் பெரிய சண்டையாகிவிடும். இதெல்லாம் காரணம்தான், ஆனால் உண்மையான காரணம் வேறு. உடைக்காமலே சொல்ல முடியும் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. அதையே வாய்விட்டும் சொன்னேன். உடைக்க வேண்டாம் மாமா, கணக்குப் போட்டே பார்த்துவிடுகிறேன் என்றேன். அவருக்கு நிம்மதி. எனக்கு அதைவிட நிம்மதி.

தலைவரின் இரும்பு அலமாரியில் பழைய வரைபடம் இருந்தது. யாரோ ஒரு வரைபடக்காரர் கையால் வரைந்தது, ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தாலும் கம்பி விவரம் தெளிவாக இருந்தது. கம்பிகளை மேலேதான் காட்டியிருந்தார். நல்ல வேலைக்காரர். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் உட்கார்ந்தேன். சிமெண்ட் பூச்சின் பாரம், டைலின் பாரம், சிங்கங்கள், அம்மன், தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர், எதையும் விடவில்லை. கம்பி துருப்பிடித்து இளைத்திருக்கும் என்றுகூடக் குறைத்து வைத்துக்கொண்டேன். பழைய கான்கிரீட், வருடக்கணக்கில் பாரத்தை இழுத்துக்கொண்டே நின்றது, அதனால் இழுவைப் பலத்தையும் குறைத்தேன். திரையில் கூரையின் மேல்பக்கம் சுவரோரம் சிவந்தது. அங்கே விரிசல் விழுந்தது, அண்ணன் பார்த்த அதே கோடு. அடுத்து கம்பி பாரத்தை வாங்கிக்கொண்டது. கோடு சற்று இறங்கி, மறுபடி ஏறி, நிமிர்ந்து நின்றது. விரிசல் விழுந்தாலும் கூரை நிற்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்தப் படம்.

தலைவருக்குப் போனில் சொன்னேன், அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். ஆனால் அண்ணன் அப்படி விடவில்லை. அவர் வேனின் சக்கரத்தை ஒவ்வொரு நாளும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற்றுகிற ஆள். ஜாசின் பாசாரில் அம்மாவோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றார்.

"எனக்கு அந்த எடம் சரியாப் படலம்மா. அவள பின்னால சமையக்கட்டுப் பக்கம் உக்காரச் சொல்லலாம்னு பாக்குறேன்."

"வேணாம்ணே. நான் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். தாங்கும். அக்கா எப்பவும் போல அங்கியே உக்காரட்டும்."

"நெசமாத்தானே?"

"நெசமாத்தாண்ணே. பயப்படாதீங்கலா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, படித்த பிள்ளை சொன்னால் சரிதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றைக்கு வீட்டில் எனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் வைத்தாள்.

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளி. முதல்நாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழை. கூரையின் தண்ணீர்க் குழாயில் செம்பனை ஓலைச் சருகு அடைத்து, தண்ணீர் மேலேயே நின்றிருக்கிறது. காலை பத்தரை மணிக்கு நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். அம்மா கூப்பிட்டாள். அம்மா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

"விழுந்துருச்சி," என்றாள். எது விழுந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆயர் குரோவிலிருந்து ஜாசின் வழியாக எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. நான் போவதற்குள் போம்பாக்காரர்கள் வந்து தீயணைப்பு வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா குழாயடியில் குந்தியிருந்தாள், கையில் கழுவப்போன பித்தளைச் சொம்பு. சொம்பு கழுவ எழுந்து எட்டு அடி நடந்ததால் அவள் உயிரோடு இருக்கிறாள். அக்கா எழுந்திருக்கவில்லை. சரம் முடியவில்லை, முடித்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். முன்னாடி ஒரு சத்தமும் இல்லை, துளி மண்கூட உதிரவில்லை, ஒரே அடியாக இறங்கிவிட்டது என்று அம்மா பிறகு சொன்னாள். அண்ணன் வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் போகவில்லை. போக எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அக்காவை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் சுவரிடம் போனேன். என்ன ஜென்மம் நான் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். ஊரே அழுதுகொண்டிருக்க, நான் கான்கிரீட் உடைந்த பக்கத்தைப் பார்க்கப் போனேன். சுவரில் கூரை முறிந்துபோன இடம் பச்சைக் காயம் போலத் தெரிந்தது. மேல்பாதி வெறும் கான்கிரீட், சுத்தமாக, ஒரு கம்பிகூட இல்லை. கம்பிகள் எல்லாம் அடியில், கீழ்விளிம்பிலிருந்து ஒரு விரல் கனம்கூட மேலே ஏறாமல் கிடந்து, வளைந்து தொங்கிக்கொண்டிருந்தன. போம்பா அதிகாரி ஒருவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, கம்பியெல்லாம் கீழே உட்கார்ந்திருக்கிறதே புவான் என்று மலாயில் சொன்னார். நான் தலையாட்டினேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கூரையைத் தூக்கிப் பிடித்தது கம்பி இல்லை. வெறும் கான்கிரீட், அதன் இழுவைப் பலம், அந்தப் பத்தில் ஒரு பங்கு. அது தன்னால் முடிந்தவரை பிடித்திருக்கிறது. சிமெண்ட் பூச்சும் டைலும் சிங்கங்களும் ஏறியபோது உள்ளே கீறல்கள் பிறந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒவ்வொரு வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் போயிருக்கின்றன. அந்தக் கறுப்புக் கோடு கம்பி தாங்கிக்கொள்ளப் போகிற விரிசல் இல்லை. எதுவுமே தாங்கப் போகாத விரிசல். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, தலைமுடி அளவுதான் இருக்கும்.

கருமாதி முடிந்த பிறகு கணினியைத் திறந்து, கம்பியை மட்டும் கீழே இறக்கி வைத்து மறுபடி ஓட்டினேன். மற்ற எல்லாம் அதே. கோடு ஏறியது, உச்சியைத் தொட்டது, நேராகக் கீழே விழுந்தது. பூச்சும் டைலும் சிங்கங்களும் மழைத்தண்ணீரும் சேர்த்து நான் கணக்கில் வைத்திருந்த பாரத்தை அந்த உச்சி தாண்டவே இல்லை. என் மாடலில் ஒரு குற்றமும் இல்லை. நான் அதற்குக் கொடுத்த கூரைதான் அங்கே இல்லாத கூரை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கணக்கு தப்பு என்றிருந்தால்கூட ஒரு ஆறுதல் இருந்திருக்கும். அலுவலகத்தில் கம்பி தேடும் கருவி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கூரையின் அடிப்பக்கம் ஒரு தரம் ஓட்டியிருந்தால் கம்பி கீழே கிடக்கிறது என்று கத்தியிருக்கும். எந்த டைலையும் உடைத்திருக்க வேண்டாம். என் அப்பா பெயரும் அப்படியே இருந்திருக்கும். அரை மணி நேர வேலை. எனக்கு அது தோன்றவே இல்லை, வரைபடத்தில்தான் எல்லாம் இருந்ததே.

இதற்குள் ஊர் ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டது. கூரை போட்ட கொத்தனார். அவர் செத்துப் பல வருடம் ஆகிறது. கம்பியைக் கீழே போட்டு ஏமாற்றிவிட்டான், கோயில் காரியத்திலேயே கை வைத்துவிட்டான் என்று வாய் கூசாமல் பேசினார்கள். நகராண்மை அதிகாரியிடம் கமிட்டியும் அதையே சொல்லியிருந்தது. தலைவர் எனக்குப் போன் போட்டார். குரல் தழைந்திருந்தது.

"நீ எழுத்துல ஒண்ணும் குடுக்கல பாப்பா. வாயால சொன்னதுதானே. உன் பேர யாரும் எடுக்க மாட்டாங்க. விட்டுரு," என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு வாரம் இல்லை, மூன்று மாதம். அலுவலகம் போனேன், வந்தேன், மற்றவர்களின் கட்டடங்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மாவுக்குத் தனியாக இருக்கப் பயம் வந்துவிட்டதால் ஜாசின் வீட்டைக் காலி செய்து என்னோடு கூட்டிவந்தேன். சுவரில் மாட்டியிருந்த படங்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று சின்ன வயதிலிருந்து நான் பார்த்துப் பார்த்து, பார்ப்பதையே விட்டுவிட்ட படம். கோயில் கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளில் தோட்ட அலுவலகத்துக் கிராணி எடுத்தது. நடுவில் நான், இரட்டைச் சடை, கையில் சட்டி. ஒரு பக்கம் அம்மா, முந்தானையைச் செருகிக்கொண்டு. இன்னொரு பக்கம் அக்கா, பதினெட்டு வயது இருக்கும், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மூன்று பேரும் வெறுங்காலோடு நிற்கிறோம்.

எதன் மேல் நிற்கிறோம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பி வலையின் மேல் நிற்கிறோம். படத்தின் ஓரத்தில், யாரும் நடக்காத இடத்தில், கம்பிகள் மரக்கட்டை முட்டுகளின் மேல் ஒழுங்காக உயர்ந்து நிற்கின்றன. கொத்தனார் வரைபடத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறார். எங்கள் காலுக்குக் கீழே மட்டும் முட்டுகள் சரிந்து, கம்பி தொய்ந்து அடிப்பலகையைத் தொடுகிறது. எங்களுக்குப் பின்னால் ஏணி வரை ஒரு வரிசை ஜனம் சட்டியோடு நிற்கிறது. எல்லோரும் சுவரோரம்தான் நடந்திருக்கிறார்கள். கம்பி மேலே இருந்தே ஆக வேண்டிய அதே இடம்.

படத்தை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கொத்தனாரு கத்திக்கிட்டே இருந்தாரு. கம்பி மேல ஏறாதீங்க, பலக போட்டுத் தர்றேன், அதுல நடங்கன்னாரு. நாங்கதான் கேக்கல. சாமி காரியத்துல எங்கள ஏன் மறிக்கிறன்னு அவரத் திட்டுனோம்," என்றாள். பிறகு மெதுவாக, "நீ பயந்துக்கிட்டு ஏற மாட்டேன்ன. நாந்தான் தூக்கி நிக்க வச்சேன்," என்றாள்.

நான் அந்த மூன்று மாதத்தில் அழாததை எல்லாம் சேர்த்து அன்றைக்கு அழுதேன். பத்து நாள் கணக்குப் போட்டேனே, அந்தக் கம்பிக்கு என்ன ஆனது என்பதற்குச் சாட்சி உலகத்தில் யாராவது இருந்தால் அது நான்தான். என் உள்ளங்காலுக்குத் தெரியும். அந்தக் கம்பி என் பாரத்துக்குத் தொய்ந்தது, நான் பயந்து அக்காவின் கையைப் பிடித்தேன். இதெல்லாம் எனக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது. அதைத் திருவிழா என்று போட்டு மூடி வைத்திருந்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜாசின் போனேன். முதலில் நகராண்மை அலுவலகம். விசாரிக்கும் அதிகாரியிடம் படத்தைக் கொடுத்து, கொத்தனார் மேல் தப்பு இல்லை என்று சொன்னேன். கூரை தாங்கும் என்று சொன்ன ஆள் நான்தான், எழுத்தில் இல்லாவிட்டாலும் சொன்னது சொன்னதுதான் என்றேன். அவர் பேனாவை எடுத்து, திரும்ப ஒரு முறை சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டார். படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் தொழில் உரிமம் என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது.

அடுத்தது அண்ணன் வீடு. அவர் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை மூடினார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டைலை உடைக்காமல் விட்டதிலிருந்து, கருவியைக் கொண்டுபோகாதது, வரைபடத்தை நம்பியது, கம்பி எப்படிக் கீழே போனது, எல்லாம். படத்தைக் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவர் வேறு தோட்டத்துக்காரர், கல்யாணத்துக்கு முந்திய அக்காவை அவர் பார்த்ததில்லை. கம்பியை அவர் பார்க்கவே இல்லை.

"எவ்வளவு ஒல்லியா இருக்கா," என்றார்.

பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "இவ மிதிச்சா கம்பி எறங்கியிருமா? இந்த ஒடம்புக்கா?"

அவளும்தான் மிதித்தாள் என்று ஆகிவிடுமோ, அவள் தலையில் விழுந்ததற்கு அவளும் ஒரு காரணம் என்று ஆகிவிடுமோ என்பதுதான் அவருக்குப் பயம். அது எனக்குப் புரிந்தது. கணக்குப்படி பார்த்தால் எல்லோருடைய பாரமும் சேர்ந்ததுதான்.

"எல்லாரும் மிதிச்சோம்ணே. நானும் மிதிச்சேன்," என்றேன். "ஆனா அக்கா அங்கியே உக்காரட்டும்னு சொன்னது நான் ஒருத்திதான்."

அவர் படத்தைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீரைத் திறந்து, வேனின் மறுபக்கத்தைக் கழுவப் போனார்.